கொக்கித் துவக்குக்கு நான் எழுதிய இரண்டு அறிக்கைகள்

1. தண்ணீர்க் குழாய்

ஏலத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஏலப் பொருட்களின் பட்டியல் வழவழப்பான தாளில் புத்தகமாக அச்சாகி வந்து இறங்கியிருந்தது. அட்டையில் ஒரு கைக்குழல். துவக்கு என்று சொல்லக்கூடிய பொருளின் முதல் வடிவம் அது. துப்பாக்கியை யாழ்ப்பாணத்தில் துவக்கு என்போம். எனக்கு வேறு மாதிரி எழுத வராது. ஒரு பக்கம் அடைத்த இரும்புக் குழல், பின்னால் நீளமாக ஒரு மரத்தடி, குழலின் மேற்புறத்தில் வெடிமருந்துக்கு நெருப்பு வைக்க ஒரு சின்னத் தீத்துளை. விசை கிடையாது, குறி பார்க்க ஒன்றும் கிடையாது. அறுநூறு வருடத்துக்கு முன் ஜெர்மன் நகரங்களின் மதிலில் நின்றவன் இதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுட்டான். எதிரில் வந்தவனைவிட இடுக்கியவனுக்குத்தான் அதிகம் பயம் இருந்திருக்கும்.

நான் அப்போது மியூனிக்கில் இருந்த அந்த ஏல நிறுவனத்தின் துப்புரவுத் தொழிலாளி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, கிடைத்த வேலையைப் பிடித்து, ஐந்து வருடமாக அவர்களுடைய நிலவறையில் பழைய இரும்புகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அன்று கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போது துணி அந்தக் குழலில் பட்டது. துணியில் செம்மஞ்சள் நிறம் ஒட்டிக்கொண்டது. பழைய துரு அப்படி ஒட்டாது. அது கறுத்து இறுகி இரும்போடு இரும்பாகக் கிடக்கும். துணியில் வருவது போன மாதத்துத் துரு.

டோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன். பழைய குழல் என்றால் இரும்புத் தகட்டைக் கம்பியில் சுற்றி, காய்ச்சி, அடித்து ஒட்டியிருப்பார்கள். உள்ளே மேடும் பள்ளமுமாக இருக்கும்; நீளவாக்கில் ஒட்டுக்கோடு ஓடும். இது எங்கள் வாடகை வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே சீராக இருந்தது. போய் முதலாளி லென்ஸிடம் சொன்னேன். அவர் நிபுணரைக் கூப்பிட்டார்.

நிபுணர் டொக்டர் ஃபோகல். கழுத்தில் பட்டுத் துணி கட்டுகிற ஆள். பட்டியலில் அந்தக் குழலுக்கு நான்கு பக்கம் எழுதியவர் அவர்தான். என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார், பிறகு லென்ஸைப் பார்த்தார். உள்ளே இவ்வளவு சீராக இருப்பது அந்தக் கொல்லனின் தனித்திறமை என்றார். நான் டோர்ச்சை அவர் கையில் கொடுத்து, குழலின் பின்முனையைக் காட்டினேன். அங்கே பாதி அராவிய நிலையில் மூன்று திருகு மரைகள் மிச்சமிருந்தன. மத்திய காலத்துக் கொல்லன் தன் தனித்திறமையால் குளியலறைக் குழாய்க்கும் இடம் விட்டிருந்தான் போலும். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதாது என்று சொல்லி மேலே போனார். அதற்குப் பிறகு நான் இருந்த காலம் முழுவதும் அவர் நிலவறைக்கு இறங்கவில்லை.

பொருள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. லென்ஸ் நல்லவர், ஆனால் நல்லதைச் செய்ய அவருக்கு எப்போதும் ஒரு பயம் வேண்டும். இன்னொரு பொய்ப் பட்டியலோடு அகப்பட்டுக்கொள்வோமோ என்ற அந்தப் பயத்தில் என்னை உலோகப் பாதுகாப்புத் தொழிலுக்கு ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படிக்க அனுப்பினார். வாளியை வைத்துவிட்டு நான் துவக்குகளுக்கு வயது சொல்ல ஆரம்பித்தது அப்படித்தான்.

2. கதை விற்கிறவர்கள்

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். ஒரு துவக்கு உங்கள் மேசைக்குத் தனியாக வராது. அதற்கு முன்னால் ஒரு கதை வரும். அதைக் கொண்டுவருகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உங்களிடம் காபி கேட்டு வாங்கி, அந்தக் கதையை அவிழ்ப்பார்.

ஒருவர் தன் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் சிலுவைப் போருக்குக் கொண்டுபோன கைக்குழல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய சிலுவைப் போர்களெல்லாம் அடங்கி நெடுங்காலம் கழிந்த பிறகுதான் இந்த நாட்டில் ஒருவன் கையில் இப்படிக் குழல் பிடித்தான். முப்பாட்டன் பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும். இன்னொருவர் குழலில் நூர்ன்பெர்க் நகரத்து முத்திரை இருக்கிறது என்று பெருமையாகக் காட்டினார். முத்திரை இருந்தது, நேற்றுக் குத்தியது போலப் பளிச்சென்று இருந்தது. சுற்றியுள்ள இரும்பு அரித்துப் போயிருக்க, முத்திரை மட்டும் அரிக்காமல் எப்படித் தப்பியது என்று கேட்டேன். நல்ல முத்திரை என்றார்.

வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. அது செத்துப்போன கூட்டம், ஆனாலும் இன்றுவரை தொந்தரவு தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை வைத்துப் பணம் சேர்த்தவர்கள் மலைமேல் புதிதாகப் பழைய கோட்டைகள் கட்டினார்கள். கோட்டை இருந்தால் சுவரில் துவக்கு தொங்க வேண்டுமே. கேட்டதைச் செய்து கொடுக்கக் கொல்லர்கள் இருந்தார்கள். பொய்க் கோட்டைக்குப் பொய்த் துவக்கு. இன்று அவர்களுடைய பேரர்கள் அவற்றைக் கொண்டுவந்து, எங்கள் கோட்டையில் பரம்பரையாக இருந்தது என்கிறார்கள். அதில் மட்டும் அவர்கள் பொய் சொல்வதில்லை.

நான் பார்க்கிறது சுருக்கமானது. தீத்துளை எங்கே இருக்கிறது? மேலே என்றால் முந்தையது. பக்கத்தில், கீழே மருந்துக் கிண்ணத்தோடு இருந்தால் பிந்தையது. குழலுக்குள் ஒட்டுக்கோடு இருக்கிறதா, கடைசல் இயந்திரம் போன வளையம் வளையமான தடம் இருக்கிறதா? துரு எந்த வயது? பின்முனையை அடித்து அடைத்திருக்கிறார்களா, திருகு போட்டிருக்கிறார்களா? எண்டோஸ்கோப் என்ற சின்னக் கமராவை உள்ளே விட்டால் ஐந்து நிமிடத்தில் பாதிப் பேரின் முப்பாட்டன் செத்துப் போவார்.

அதனால் நான் கதை கேட்பதை நிறுத்திவிட்டேன். யாராவது வாயைத் திறந்தால் கையைக் காட்டி, இரும்பு சொல்லட்டும் என்பேன். நிறுவனத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு லென்ஸ் என்னைக் காட்டி, ஃப்ராவ், அதாவது திருமதி, ராசலிங்கத்திடம் மட்டும் தாத்தாவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்வார். எனக்கு அதில் பெருமை இருந்தது. எவ்வளவு பெருமை என்பது பின்னால் தெரியும்.

எங்கள் சனங்கள் கேட்கிற கேள்வி வேறு. யுத்தத்திலிருந்து ஓடி வந்தனீங்கள், துவக்கோடை வேலை செய்ய எப்படி மனம் வருது என்று கோயிலில் வைத்துக் கேட்பார்கள். அவர்களில் இரண்டு பேர் கறிக்கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் கேட்பதில்லை.

3. மினுங்கின கொக்கி

ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது ஒரு கிராம சபை எங்களிடம் நிபுணர் அறிக்கை கேட்டது. கிராமத்தின் பழைய தானியக் களஞ்சியத்தில் ஓர் அறை, அதில் ஊர்ப் பழம்பொருட்கள். அந்த அறையைத் தீயணைப்புத் தொண்டர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊர்த் தலைவர் விரும்பினார். அவர்களுக்குக் கூட்டம் கூட இடமில்லையாம். பியர் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியும் வெளியே வராந்தாவில் நிற்கிறதாம். அறையைப் பார்த்துக்கொள்கிற ஃப்ராவ் ஹூபர் என்ற ஓய்வுபெற்ற தபால் ஊழியை விடவில்லை. எங்களிடம் ஐநூறு வருடத்துக்கு மேற்பட்ட கொக்கித் துவக்கு இருக்கிறது, அது இருக்கும்வரை அறையை மூடக்கூடாது என்று அவர் சபையில் நின்று சண்டை போட்டார். கடைசியில் சபை ஒரு முடிவுக்கு வந்தது. துவக்கு உண்மையானது என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால் அறை இருக்கும். இல்லையென்றால் பூட்டு.

கொக்கித் துவக்கு என்றால் கைக்குழலின் அடுத்த தலைமுறை. குழலின் கீழே கொக்கி மாதிரி ஓர் இரும்பு நீண்டிருக்கும். அதை மதில் விளிம்பில் மாட்டிவிட்டுச் சுட்டால் உதை மதிலுக்குப் போகும், தோளுக்கு வராது.

டெர்மின் என்று அவர்கள் நேரம் குறித்துத் தந்த நாளில் இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்துப் போனேன். வெண்ணெய் கடைகிற மரப்பானை, உடைந்த சறுக்குவண்டி, யாரோ ஒருவரின் கல்யாணத் தொப்பி, இவற்றுக்கு நடுவில் சிவப்பு வெல்வெட்டில் அந்தத் துவக்கு கிடந்தது. மினுங்கியது. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைத் திருவிழாவுக்குப் புளி போட்டு விளக்கினது போல மினுங்கியது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்ச் சங்கத்தார் துப்புரவு நாள் வைத்து, இரும்புப் பஞ்சும் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பார்களாம். ஊர்த் தலைவர் அதைப் பெருமையோடு சொன்னார். இந்த நாட்டில் தெருவைத் தேய்ப்பார்கள், குப்பைத் தொட்டியைத் தேய்ப்பார்கள். சரித்திரத்தை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

திருப்பிப் பார்த்தேன். தீத்துளை பின்பக்கமாக, துரப்பணத்தால் சுத்தமாகத் துளைத்தது. பின்முனையில் திருகு அடைப்பு. பக்கத்தில் அரசு வெடிச்சோதனை அலுவலகத்தின் முத்திரை, அதுவும் போன நூற்றாண்டுடையது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த முத்திரைக்கு அர்த்தம் இருக்கிறது. பவேரியாவில் கல்யாணம், தேவாலயத் திருநாள், வருடப் பிறப்பு எல்லாவற்றுக்கும் குண்டில்லாமல் வெறும் மருந்தை அடைத்துச் சத்தத்துக்காக வெடிப்பார்கள். அதற்கான குழலுக்குப் பெல்லர் என்று பெயர். வெடிக்கிறதும் ஒழுங்காக வெடிக்க வேண்டும் என்பதால், பெல்லரைக் குறித்த கால இடைவெளியில் அரசு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி முத்திரை வாங்க வேண்டும். ஆக, என் முன்னால் இருந்தது சத்தம் போடும் குழல். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டேன். வளையம் வளையமாக இயந்திரத் தடம். முடிந்தது.

ஃப்ராவ் ஹூபர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசியது பவேரியக் கிராமத்துப் பேச்சு. எனக்கு அதை என் ஊர்ப் பேச்சில்தான் எழுத வரும்.

“ஃப்ராவ் ராசலிங்கம், இந்தத் துவக்குக்கு ஒரு கதை இருக்கு. என்ரை தாத்தா...”

நான் கையைக் காட்டினேன். “எல்லாத் துவக்குக்கும் கதை இருக்கு, ஃப்ராவ் ஹூபர். நான் இரும்பை மட்டுந்தான் கேக்கிறனான்.”

ஊர்த் தலைவர் வாய்க்குள் சிரித்தார். ஃப்ராவ் ஹூபர் வாயை மூடினார். நான் திரும்பி வரும்போது பஸ் தரிப்புவரை கூடவே வந்தார்.

அந்த வாரம் மீனாட்சியைச் சந்தித்தேன். மதுரைக்காரி, கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்தில் உலோக ஆராய்ச்சி செய்கிறாள். சந்தேகமான பொருள்களை அவளுடைய எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்ப்பது எங்களுக்கு வழக்கம். வீடு திரும்ப ஒரே யூ-பானில், நிலத்தடி ரயிலில், இருவரும் ஏறினோம். நான் மினுங்கின கொக்கியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“புவனாக்கா, கொக்கி எப்படி ஜாயின் ஆயிருக்குன்னு பார்த்தீங்களா? வெல்டா, ஒரே பீஸா? வேணும்னா கொண்டு வாங்க, ஹாஃப் டே போதும், ஸ்கேன் பண்ணிடலாம்.”

பெல்லருக்கு எக்ஸ்ரே எடுக்கிறது பூனைக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற மாதிரி என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன்.

ஒன்றரைப் பக்கத்தில் அறிக்கை எழுதினேன். இருபதாம் நூற்றாண்டில், பழைய கொக்கித் துவக்கின் வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட பெல்லர். அருங்காட்சியகத்தில் வைக்கும் தகுதி இல்லை. சொல்நயம் கூடக் கொஞ்சம் இருந்தது. ஊர்ச் சங்கத்தின் உழைப்பால் வயது போய்விட்டது, போவதற்கு வயதும் இருந்ததில்லை என்று ஒரு வரி. லென்ஸ் அதைப் படித்து உரக்கச் சிரித்தார். அந்த வரியை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது.

4. வாழைப்பழப் பெட்டி

நாலு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஃப்ராவ் ஹூபர் எங்கள் வேலைக்கூடத்துக்கு வந்தார். கையில் சூப்பர்மார்க்கட் வாழைப்பழப் பெட்டி. அதை என் மேசையில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே அந்தத் துவக்கு. பின்முனையிலிருந்து கொக்கிவரை நீளமாகப் பிளந்து, வாய் விரிந்து கிடந்தது.

நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். அறிக்கை வந்ததும் சபை அறையை மூட ஒப்புதல் கொடுத்துவிட்டது; இறுதி வாக்கெடுப்பு மட்டும் பாக்கி. அருங்காட்சியகப் பொருள் இல்லை என்று நிபுணரே எழுதிவிட்டார், பெல்லர்தான் என்று எழுதிவிட்டார், பிறகென்ன? அந்த அறையைத் தங்கள் மண்டபமாகத் திறக்கும் நாளில் அதையே வெடிப்போம் என்று தீயணைப்புத் தொண்டர்கள் கிளம்பினார்கள். ஃப்ராவ் ஹூபர் மறித்துப் பார்த்தார். என் அறிக்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பழைய முத்திரையின் காலம் எப்போதோ முடிந்திருந்ததால், புது முத்திரைக்காக அரசு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சோதனை என்றால் வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து அடைத்து, ஆட்கள் சுவருக்கு அப்பால் நின்று வெடிப்பார்கள். அலுவலகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முதல் வெடியிலேயே குழல் பிளந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

நான் பிளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழல் கண்டபடி சிதறவில்லை, ஒரு கோட்டில் திறந்திருந்தது. கோட்டின் இரு கரையிலும் கரும்பொடி ஓடிய பழைய ஒட்டு. தகட்டைச் சுற்றி, காய்ச்சி, சுத்தியலால் அடித்து ஒட்டிய ஒட்டு. நான் ஆயிரம் குழலுக்குள் கமரா விட்டுத் தேடிய அந்தக் கோடு, பகல் வெளிச்சத்தில் என் மேசையில் கிடந்தது. மேற்புறத்தில், தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கிய இடத்துக்குக் கீழே, இரும்பு ஆணி அடித்து அடைத்த ஒரு துளையின் வெட்டுமுகம் தெரிந்தது. பழைய தீத்துளை. மேலே இருந்த தீத்துளை.

உள்ளே யார் கடைந்தது என்று கேட்டேன்.

“தாத்தா,” என்றார் ஃப்ராவ் ஹூபர். “ஊரின்ரை கொல்லர் அவர்தான். இது தேவாலயக் கோபுரத்திலை தொங்கிக்கொண்டு கிடந்தது. ஊரிலை வெடிக்கப் பெல்லர் இல்லையெண்டு, உள்ளுக்குக் கடைஞ்சு, பின்னாலை திருகு போட்டு, புதுசாத் துளையும் போட்டவர். அதைச் சொல்லத்தான் அண்டைக்கு வாயைத் திறந்தனான். நீங்கள் கையைக் காட்டினீங்கள்.”

கடைந்தபோது பழைய உட்புறம் போயிற்று. கடைந்ததால் குழலின் சுவர் மெலிந்தது. அவருடைய தாத்தா செய்த ஒவ்வொன்றையும் நான் போலிக்கு அடையாளமாக எழுதியிருந்தேன். பதினைந்தாம் நூற்றாண்டுத் துவக்கைக் கல்யாணவெடிக்குக் கடைகிற புத்தி பவேரியக் கிராமத்துக்கு மட்டும்தான் வரும். அதை முன்கூட்டி நினைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு வந்திருக்க வேண்டும். கதை கேட்காதவளுக்கு எங்கிருந்து வரும்?

உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். இரும்பு என்ன சொல்கிறது என்று எழுதிக் கொடுங்கள், அடுத்த வியாழக்கிழமை சபை கூடுகிறது என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

லென்ஸிடம் போனேன். அவர் கதவைச் சாத்தினார். “இஞ்சை பாருங்கோ, அது இப்ப உடைஞ்ச இரும்பு. ஒருத்தரும் எங்களைக் கேக்கப் போறதில்லை. நீங்களாப் போய் எழுதினா, முந்தி எழுதின அறிக்கையள் எல்லாத்தையும் சனம் கிண்டும். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருசம்.”

சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. டொக்டர் ஃபோகலைப் பற்றி எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பேன். வெளிச்சம் போதாது என்று மேலே ஏறிப்போனாரே, அவ்வளவு தூரம் எனக்கும் படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்காவது அந்தக் குழாய் உடையவில்லை.

மூன்றாம் நாள் வாழைப்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்ஹிங் போனேன். மீனாட்சி பிளவிலிருந்து ஒரு நகக்கண் அளவு துண்டை எடுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள்.

“ஸ்லாக், அந்தக் கசடு, இழை இழையா ஓடுது பாருங்கக்கா. மாடர்ன் ஸ்டீல்ல இது வராது. கரி அடுப்புல உருக்கி அடிச்ச இரும்பு. கொக்கியும் தனியா ஒட்டினது இல்ல, குழலோட சேர்த்தே அடிச்சிருக்காங்க.”

அரை நாள் போதும் என்று முன்பே சொன்னாயே என்றேன். அவள் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமல், ஆமாக்கா, சொன்னேன் என்றாள்.

5. வியாழக்கிழமை

இரண்டாவது அறிக்கையை அன்றே எழுதினேன். கொக்கித் துவக்கு, பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதி. மேலே தீத்துளை, மருந்துக் கிண்ணம் இல்லை, கொக்கி குழலோடு சேர்த்து அடித்தது, இரும்பு கரியில் உருக்கியது. பிற்காலத்தில் பெல்லராக மாற்றப்பட்டது. எனது முந்தைய அறிக்கையின் விளைவாக அழிந்தது. கடைசி வாக்கியத்தை நிறுவனத்தின் தாளில் எழுத லென்ஸ் விடவில்லை. என் சொந்தப் பெயரில், வெள்ளைத் தாளில் எழுதி, நானே கொண்டுபோனேன்.

சபையில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். தீயணைப்புத் தொண்டர்கள் சீருடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் எதிர்காலம் அல்லவா? நான் பிளந்த குழலை மேசையில் வைத்து அறிக்கையைப் படித்தேன். ஊர்த் தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது.

“அப்ப முதல் எழுதித் தந்தது?”

“பிழை.”

“ஆற்றை பிழை?”

“என்ரை. ஃப்ராவ் ஹூபர் சொல்ல வந்தவா. நான் கேக்கேல்லை.”

இருபது வருடமாக மற்றவர்களைப் பிழை பிடிபட்டவர்களின் கதிரையில் உட்கார வைத்தவள் நான். அதில் உட்கார்ந்தால் எவ்வளவு கூசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடந்தான்.

ஓர் உறுப்பினர் எழுந்து, உண்மையானதுதான், ஆனால் உடைந்துவிட்டது, உடைந்த இரும்புக்கு எதற்கு ஓர் அறை என்று கேட்டார். நியாயமான கேள்வி, அந்தச் சபையில் அன்று கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி. முழுசாக இருக்கும் கொக்கித் துவக்குகள் பெரிய நகரங்களில் வரிசையாகத் தொங்குகின்றன என்றேன். எதையும் ஒருவரும் வெட்டிப் பார்க்க விடமாட்டார்கள். எப்படி ஒட்டினார்கள், எப்படி அடைத்தார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இங்கேதான் வரவேண்டும். மீனாட்சியின் துறையிலிருந்து ஆட்கள் ஏற்கனவே வரக் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அது உண்மை.

வாக்கெடுத்தார்கள். ஏழு, ஆறு. அறை இருக்கும் என்று முடிவானது. அந்த ஏழு பேரில் எத்தனை பேர் சரித்திரத்துக்காகக் கை தூக்கினார்கள், எத்தனை பேர் ஊர்த் தலைவர் மேலிருந்த எரிச்சலில் தூக்கினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஃப்ராவ் ஹூபர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை.

லென்ஸ் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அவர் பயந்தபடியே இரண்டு பேர் பழைய அறிக்கைகளை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினார்கள். பார்த்தேன். அவை சரியாக இருந்தன. அதில் எனக்கு முன்பு வந்திருக்கக்கூடிய சந்தோஷம் வரவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வருகிறவர்கள் சொல்வதில் பத்தில் ஒன்பது பொய். அதை நான் இன்றும் மாற்றிச் சொல்லமாட்டேன். சிலுவைப் போர் முப்பாட்டனை இன்று கொண்டுவந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புவேன். ஆனால் கதையைக் கேட்டு முடித்த பிறகு அனுப்புவேன். இரும்பு தன்னை முதலில் செய்தவனை மட்டும் சொல்லாது. பிறகு கைவைத்த எல்லாரையும் ஒன்றாகக் குழப்பித்தான் சொல்லும். யார் கடைந்தார், யார் தேய்த்தார், எதற்காக என்று மனிதரிடந்தான் கேட்க வேண்டும். என் கடைசி வருடத்தில் எங்கள் படிவத்தில் முதல் கேள்வியாக அதைச் சேர்த்தேன். லென்ஸ் படிவம் நீளமாகிவிட்டது என்றார்.

ஓய்வு பெற்ற மாதம் அந்த அறையைப் புதிதாகத் திறந்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. வெல்வெட் போய்விட்டது, துவக்கு வாய் விரிந்தபடியே, பிளவு மேலே பார்க்க, வெறும் மரப்பலகையில் கிடந்தது. யாரும் தேய்க்கவில்லை. பக்கத்துச் சுவரில் என் இரண்டு அறிக்கைகளும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. முதலாவதில் அந்தச் சொல்நயமான வரியின் கீழ் சட்டம் போடுவதற்கு முன்பே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

முதல் அறிக்கையைக் கழற்றிவிட முடியுமா என்று ஃப்ராவ் ஹூபரிடம் மெதுவாகக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“ஏலாது,” என்றார். “அதுவும் இந்தத் துவக்குக்கு நடந்ததுதானே?”

பிறகு பலகையின் கீழே ஒட்டியிருந்த சிறிய அட்டையைக் காட்டினார். இந்தத் துவக்கில் கைவைத்தவர்கள் என்று தலைப்பு. முதல் வரி, பெயர் தெரியாத கொல்லர், அடித்துச் செய்தவர். இரண்டாவது, அவருடைய தாத்தா, கடைந்தவர். மூன்றாவது, ஊர்ச் சங்கம், தேய்த்தது. நாலாவதும் கடைசியுமான வரியில் என் முழுப் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், உடைத்தவர்.

“வெளிநாட்டுப் பேர் எண்டபடியா எனக்குச் சரியாத் தெரியேல்லை,” என்றார் ஃப்ராவ் ஹூபர். “ஒருக்காப் பாருங்கோ, பேரைச் சரியா எழுதியிருக்கிறனோ?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஓம், சரியாத்தான் இருக்கு என்றேன்.